மெழுகில் பதிந்த பெருவிரல்

போன மாதம் என் மகளுக்குப் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். பிள்ளைகள் எல்லோரும் அவரவர் ஞானஸ்நான மெழுகுவர்த்தியை வீட்டில் தேடி எடுத்துவர வேண்டும் என்று சாமியார் சொல்லியனுப்பியிருந்தார். அலமாரியின் மேல்தட்டில் இருந்த தகரப்பெட்டியை இறக்கினேன். அடியில், பழைய மல்லுத்துணிக்குள், நான் சுற்றி வைத்தது வைத்தபடியே இருந்தது. ஏழு வருஷத்தில் வெள்ளை மெழுகு பழுப்பேறியிருந்தது. திரி அதிகம் எரியவில்லை. உச்சி மட்டும் உருகி ஒருபக்கமாக வழிந்திருந்தது. அதற்குக் கீழே, பாதிக்குச் சற்று மேலாக ஒரு குழி. ஒரு பெருவிரல் அழுந்திய அளவு குழி. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ரேகைகூடத் தெரியும். என் மகள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரும்மா இதக் கடிச்சது, எலியா?" என்று கேட்டாள்.

"எலி இல்லடி. நெல்லித்தோப்புத் தாத்தா புடிச்ச எடம்."

"ஏன் அவ்ளோ இறுக்கிப் புடிச்சாரு?"

ஏழு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர்களிடம் சொல்லவாவது வருகிறதா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். எழுதலாமா என்று அவரையே போய்க் கேட்டேன். "எழுது. பேரு மட்டும் போடாத, கோர்ட்ல பென்ஷன் நிறுத்திடப் போறான்" என்று சிரித்தார்.

அவர் என் அம்மாவின் கடைசித் தம்பி, என் தாய்மாமன். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே கோர்ட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். ஐம்பத்துநான்கில் கொடி மாறிய பிறகும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். "கொடி மாறிச்சு, கோப்பு மாறல" என்பார். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பூசையில் கனத்த குரலில் லத்தீன் பாடுவார். நெல்லித்தோப்பில் ஒரு சிறிய ஓட்டுவீட்டில் தன் சிநேகிதரோடு குடியிருந்தார். அந்தச் சிநேகிதர் சைகோனில் பட்டாளத்தில் இருந்து, முழங்காலில் குண்டடிபட்டு ஊர் திரும்பியவர். எங்களுக்கு அவர் சைகோன் மாமா. நான் கான்வென்டில் படித்த காலத்தில் பூசை முடிந்ததும் அம்மாவோடு அந்த வீட்டுக்குப் போவோம். சைகோன் மாமா காலை நீட்டி உட்கார்ந்து ரொட்டியை வெட்டிக்கொண்டே, "உன் மாமா பாடறாருன்னு நெனச்சிக்கினு இருக்காரு பாப்பா. அது பாட்டில்ல, மாட்டுவண்டி அச்சாணி" என்பார். மாமா கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, "இந்த ஆளு வெட்டற ரொட்டியப் பாரு, ஒண்ணு பலகை, ஒண்ணு காகிதம்" என்பார். அவர்கள் பேச்சே அப்படித்தான் இருக்கும். ஒரே அடுப்பு, ஒரே விளக்கு, கோயிலில் ஒரே பெஞ்சு. அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் என்ன என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் எங்கள் வீட்டில் மரியாதை. அதற்கு விடை எனக்குத் தெரிந்திருந்தது என்பதே, கல்யாணம் ஆன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

நான் பிள்ளையுண்டாகியிருந்தபோது, கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் தன் மகளை மாமாவுக்குக் கொடுக்க ஆள் அனுப்பினார். மாமா வேண்டாம் என்றார். காரணம் கேட்டார்கள். காரணம் சொல்லவில்லை. பெண் கொடுக்க வந்தவருக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. காரணத்தை அவரே கண்டுபிடித்துக்கொண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் பங்குக் கோயிலின் பெரிய சாமியார் பிரான்சில் பிறந்து இங்கேயே தாடி நரைத்தவர். புத்தகத் தமிழில்தான் பேசுவார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சோதோம் நகரத்தின் கதையை எடுத்தார். லோத் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை ஊர் ஆண்கள் சூழ்ந்துகொண்டது, வானத்திலிருந்து நெருப்பும் கந்தகமும் விழுந்தது, திரும்பிப் பார்த்தவள் உப்புத்தூண் ஆனது, எல்லாம் சொன்னார். ஆணும் ஆணும் கூடி வாழ்கிற வீடு எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெரு முழுவதற்கும் ஆக்கினை உண்டு என்று முடித்தார். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் எனக்கு முன்னால் இருந்த முக்காடுகள் ஒவ்வொன்றாக ஆண்கள் பக்கம் திரும்பின. அடுத்த வாரம் அந்தப் பெஞ்சில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கடுத்த வாரம் அவர்களும் வரவில்லை.

எங்கள் குடும்பங்களில் ஞானத்தகப்பனைப் பரேன் என்று பிரெஞ்சில்தான் சொல்லுவோம். முதல் பிள்ளைக்குத் தாய்மாமன்தான் பரேன். ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தையின் சார்பாக விசுவாசத்தைச் சொல்லி, எரிகிற மெழுகுவர்த்தியை அவர் கையில் வாங்கவேண்டும். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஆகவே என் தாய்மாமனே என் பிள்ளைக்கும் பரேன் என்பது நான் பிறந்த நாளிலேயே முடிவானது போல. பிள்ளை பிறந்ததும் பெரிய சாமியார் இதற்குச் சம்மதிப்பாரா என்ற பயம் வந்துவிட்டது. வழக்கமாக ஒரு வாரத்துக்குள் குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கிப்போய்விடுவார்கள். தாய் பிள்ளைபெற்ற அறையிலேயே கிடப்பாள். ஞானஸ்நானம் இல்லாமல் குழந்தை செத்துப்போனால் அது மோட்சம் போகாது என்று படித்து வளர்ந்தவள் நான். என் மகளோ எடை குறைந்து பிறந்தவள். மூச்சு விடுகிறாளா என்று அவள் மூக்கின் கீழே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சின்ன சாமியார் வீட்டுக்கு வந்தார். உதவிக் குருவாக எங்கள் பங்குக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நம் பக்கத்துக்காரர்தான், நல்ல படிப்பாளி. எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு வரும் என்பதால் படிக்கப் புத்தகங்கள் கொடுப்பார். பெயர் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார். குழந்தையை மந்திரித்து நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு உட்கார்ந்தார். அம்மா காப்பி போடப் போனாள். நான் கேட்டுவிட்டேன். "சாமி, சோதோம் ஊர்க்காரங்க செஞ்ச பாவம் இன்னா?"

அவர் பையிலிருந்து ஒரு சிறிய பிரெஞ்சு வேதாகமத்தை எடுத்துப் பக்கத்தைத் தேடி என் கையில் கொடுத்தார். "நீயே வாசி. நான் சொன்னதா இருக்க வேணாம்" என்றார். அந்த வார்த்தையை நான் அன்று பணிவு என்று எடுத்துக்கொண்டேன். எசேக்கியேல் தீர்க்கதரிசியின் ஆகமம் அது. சோதோமின் அக்கிரமம் இதுதான் என்று அவர் எழுதியிருந்தார். கர்வம், வயிறு நிறைய ரொட்டி, கவலையில்லாத சுகம், ஏழைக்குக் கை நீட்டாத மனசு. நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆணும் ஆணும் என்று அந்த வரியில் எங்கும் இல்லை. அதற்கு அடுத்த வரியில் அருவருப்பானதைச் செய்தார்கள் என்று இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"அதத்தான் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றார் சின்ன சாமியார். "வீட்டுக்கு வந்த அந்நியன பலாத்காரம் பண்ணத் துணிஞ்ச ஊரு அது. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்த ரெண்டு பேரோட கத இல்ல. சேசுநாதர் சோதோமப் பத்திப் பேசறப்பக்கூட, வந்தவங்கள ஏத்துக்காத ஊருக்குத்தான் அத உவமையாச் சொல்றார்."

"அப்ப அர்ச். சின்னப்பர் ஆணும் ஆணும்னு எழுதினது?"

"அவர் எழுதினது கடுமையாத்தான் இருக்கு. விக்கிரகத்தக் கும்புட்டு வெறிபுடிச்சுத் திரிஞ்ச ஜனங்களப் பத்தி எழுதறார். உங்க மாமாவப் பத்தி எழுதல. திருச்சபை சொல்றத நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு மனுஷன் வீட்டுக் கதவத் திறந்து பாக்காம, உள்ள இருக்கறது இன்ன பாவம்னு சொல்ற அதிகாரம் எனக்குக் கிடையாது." குழந்தையைப் பார்த்தார். "பெரிய சாமி மலைக்குப் போயிருக்கார். வந்ததும் நான் பேசறேன். உங்க மாமாதான் பரேன். நீ கலங்காத, கொஞ்சம் பொறு."

பொறுத்தேன். மாமியார் ஏசினார். "உன் மாமனுக்காகப் புள்ளைய அஞ்ஞானியா வெச்சிருக்கியா?" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படிக் கேட்டார். என் வீட்டுக்காரர் தன்பாட்டுக்கு மில்லுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். குழந்தைக்குச் சளி கட்டியது. ஒவ்வொரு நாளும் சின்ன சாமியாரின் வார்த்தையை நினைத்துக்கொண்டுதான் கடத்தினேன். என் பிள்ளையின் ஆத்துமத்தையே அந்த வார்த்தையின் மேல் வைத்திருந்தேன் என்பது மிகையில்லை. நாற்பது நாள் கழிந்து நானே கோயிலுக்குப் போகலாம் என்று ஆனபோது, சின்ன சாமியாரிடமிருந்து சேதி வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் குழந்தையையும் மாமாவையும் அழைத்துவா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

மாமாவுக்குச் சொல்ல நானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் நெல்லித்தோப்புக்குப் போனேன். முதலில் அவர் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். "எதுக்கு பாப்பா வம்பு? உன் வீட்டுக்காரரு தம்பி நிக்கட்டும். நான் சாயங்காலம் வந்து புள்ளையப் பாத்துக்கறேன்." நான் விடவில்லை. எசேக்கியேல் ஆகமத்தில் வாசித்ததைச் சொன்னேன். சின்ன சாமியார் சொன்னதைச் சொன்னேன். மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பிடின்னா அந்த ஊரு நம்ம ஊரு மாதிரிதான். வந்தவனுக்கு ஒரு வாய் காப்பி குடுக்காத ஊரு" என்றார். சைகோன் மாமா சிரிக்கவில்லை. "நெஜமாவே சாமியாரு அப்பிடிச் சொன்னாரா?" என்று என்னிடம் கேட்டார். இன்னொரு முறையும் கேட்டார். நான் ஆமாம் என்றேன். அந்த முரட்டு மனிதர் எழுந்து பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மறுநாளே மாமா மெழுகுவர்த்தி வாங்கினாராம். பரேன் தரவேண்டிய சர்க்கரை பூசிய பாதாமை சைகோன் மாமா தன் கையாலேயே வெள்ளித்தாளில் பொட்டலம் கட்டினாராம்.

அது சித்திரை வெயில். பூசை முடிந்து கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து, சக்கிறீஸ்துவுக்குள் போனோம். குருக்கள் உடை மாற்றுகிற அந்தச் சிறிய அறையில் காற்றே இல்லை. மாமா வெள்ளைக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். வீட்டிலிருந்து வரும்போதே மெழுகுவர்த்தியைக் கையில்தான் பிடித்துக்கொண்டு வந்தார், பைக்குள் வைக்கவில்லை. சைகோன் மாமா பொட்டலங்களோடு வெளியே ரிக்‌ஷாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பெரிய சாமியார், கமிட்டிப் பெரியவர், சின்ன சாமியார், சுவரோரம் எங்கள் உபதேசியார். உபதேசியார் கோயிலில் ஜெபம் சொல்லித்தருகிறவர். யாருக்காவது பரேன் வராமல் போனால் அந்த இடத்தில் நின்றுகொள்வதும் அவர்தான். அன்று அவர் சலவை வேட்டி கட்டியிருந்தார். அதை நான் கண்ணால் பார்த்தேன், மனசில் வாங்கவில்லை.

பெரிய சாமியார் மாமாவை ஏறிட்டுப் பார்த்தார். "இவர் ஞானத்தகப்பனாய் நிற்க இயலாது. பகிரங்க பாவத்தில் ஜீவிக்கிறவனுக்கு அந்த ஸ்தானம் இல்லை" என்றார்.

நான் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனாலும் சின்ன சாமியார் பக்கத்திலேயே நிற்கிறார் என்ற தைரியத்தில், "சின்ன சாமிதான் சொன்னாங்க சாமி, சோதோம் பாவம் அது இல்லன்னு. வேதாகமத்துல காட்டினாங்க. மாமாதான் பரேன்னு சொன்னாங்க" என்றேன்.

கமிட்டிப் பெரியவர் ஒரு செருமல் செருமினார். "பொம்பளைங்க கையில வேதாகமத்தக் குடுத்தா இப்பிடித்தான். புராட்டஸ்டண்டு வேதக்காரங்க மாதிரி ஆளாளுக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க."

பெரிய சாமியார் சின்ன சாமியாரிடம் திரும்பினார். "நீர் இவளுக்கு அப்படி வியாக்கியானம் பண்ணினீரோ?"

சின்ன சாமியார் தன் கழுத்துப் பட்டையை முத்தமிட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அதைச் சரிசெய்கிற சாக்கில் தலை குனிந்திருந்தது. "இல்லைங்க சாமி. பிள்ளைபெத்த பலவீனம். அந்தம்மா எதையோ தப்பா வெளங்கிக்கிட்டாங்க" என்றார். அதுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் குழந்தையைப் பார்த்தார். குழந்தைக்கு மார்பில் சளி கரகரத்துக்கொண்டிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வீட்டுக்குப் போய் இன்றிரவே அவள் மூச்சு நின்றுவிட்டால்? அந்த நினைப்பு என் காலைப் பிடித்துக்கொண்டது. மாமா அதைப் பார்த்திருக்க வேண்டும். யாரும் கேட்பதற்கு முன்பே, "சரிங்க சாமி" என்றார். குரலில் கோபம் இல்லை. கோர்ட்டில் வாய்தா தள்ளிப்போனால் சொல்வதுபோலச் சொன்னார். நேரே உபதேசியாரிடம் போய் மெழுகுவர்த்தியை நீட்டினார். அவர் விரல்கள் அதிலிருந்து பிரிய நேரமாயிற்று. வெயிலிலும் கைச்சூட்டிலும் மெழுகு இளகியிருந்தது. "கொழந்த கண்ணுல சொட்டாம பாத்துப் புடிங்க" என்றார். பிறகு வெளியே போய்விட்டார். கோயிலுக்குள், தலையில் தண்ணீர் பட்டு என் மகள் வீரிட்டபோது திரும்பிப் பார்த்தேன். கோயில் வாசலில், தீர்த்தத் தொட்டியருகே வெள்ளைக் கோட்டின் ஓரம் தெரிந்தது. அவள் அழுகை ஓய்ந்ததும் அது இல்லை.

வீட்டில் விருந்து வைத்தோம். வைக்காமல் இருக்க முடியுமா? உபதேசியார் நல்ல மனிதர், இன்று உயிரோடு இல்லை. ரொட்டியைக் கறிக்குழம்பில் தோய்த்துக்கொண்டே, என் முகவாட்டத்தைக் கண்டு ஆறுதலாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சொன்னார். "எனக்கும் சங்கடந்தாம்மா. இன்னிக்கு வீராம்பட்டினம் போயி மீன் வாங்கியாறதா இருந்தேன். நேத்து சாயங்காலமே சின்ன சாமி ஆள் வுட்டாரு, நாளைக்கு நீதான் நிக்கணும், வெளுத்த வேட்டியா கட்டிக்கினு வான்னு."

நேற்றுச் சாயங்காலமே. எங்கள் வீடு கோயிலிலிருந்து நாலு தெரு. ஆள் அனுப்பத் தெரிந்தவருக்கு எங்கள் வீட்டுக்கும் அனுப்பத் தெரிந்திருக்கும். பெரிய சாமியாரிடம் பேசி முடியாமல் போயிருக்கலாம். பேசவே தைரியம் வராமல் இருந்திருக்கலாம். அதை நான் மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். மாமா கோட்டு போட்டுக்கொண்டு, மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, அந்த அறைக்குள் நடந்து வரட்டும் என்று விட்டாரே, அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. அன்று வாசல்பக்கம் கமிட்டிப் பெரியவர் வெள்ளித்தாளைப் பிரித்துப் பிரித்துப் பாதாமைத் தின்றுகொண்டிருந்தார். சைகோன் மாமா எங்கள் ரிக்‌ஷாவில் வைத்துவிட்டுப்போன பொட்டலங்களை என் அம்மாதான் எடுத்துவந்து எல்லோருக்கும் கொடுத்திருந்தாள். யார் கட்டியது என்று யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. படித்த குரு ஒருவர், தேவ நற்கருணையைத் தொடுகிற கையுள்ளவர், நான் தப்பாக விளங்கிக்கொண்டேன் என்கிறார். பிள்ளைபெற்ற அசதியில் பிரெஞ்சு வரிகளை நானே எனக்கு வேண்டியபடி வாசித்துவிட்டேனோ? எங்கள் வீட்டில் வேதாகமம் கிடையாது. கத்தோலிக்க வீடுகளில் ஜெபப்புத்தகம் இருக்கும், வேதாகமத்தைச் சாமியார் சொல்லத்தான் கேட்போம். எதிர்வீட்டில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி இருந்தாள், திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரக் குடும்பம். ஒரு மத்தியானம் அவளிடம் போய்த் தமிழ் வேதாகமத்தைக் கேட்டேன். வேதக்காரர் புத்தகத்தைத் தொடுவதே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய விஷயம். இருந்தாலும் வாங்கினேன். எசேக்கியேலில் அந்த வரி இருந்தது. கர்வம், ரொட்டி, சுகம், ஏழையின் கை. நான் தப்பாக வாசிக்கவில்லை.

நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன், மாமா என்று சொல்லாமல், தெரிந்தவர் ஒருவர் என்று. அவள் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி வேறு இரண்டு இடங்களைத் திறந்து காட்டினாள். லேவியராகமத்தில் ஒன்று, அவர்கள் பவுல் என்று சொல்கிற சின்னப்பர் ரோமருக்கு எழுதியதில் ஒன்று. "இதுவும் இருக்குல்லாக்கா? எங்க பாஸ்டர் எப்பவும் இதத்தான் எடுப்பாரு" என்றாள். வாசித்தேன். ஆமாம், அதுவும் இருந்தது. கடுமையாகவே இருந்தது. "அப்ப எது சரி?" என்று கேட்டேன். "தெரியலக்கா. வார்டுல படுத்திருக்கவங்கள்ட்ட நான் இதெல்லாம் கேக்கதில்ல" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

இதை வாசிக்கிறவர்களில் சிலர் பெரிய சாமியார் சொன்னதே வேதம் என்பீர்கள். சிலர் வேறு மாதிரி நினைப்பீர்கள். சண்டையைத் தீர்க்கிற படிப்பு எனக்கில்லை. இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன என்பது மட்டும் தெரியும். பெரிய சாமியார் தான் நம்பியதைப் பிரசங்கத் தொட்டியில் ஏறி நின்று சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் ஏமாந்தேன் என்று சொல்ல முடியாது. என்னை ஏமாற்றியவர் என் பக்கம் நின்று பேசியவர்தான். கதவு சாத்தியிருக்கும்போது வேதம் ஒரு அர்த்தம், திறந்தால் வேறு அர்த்தம் என்று ஆக்கியவர். இப்படி எழுதுவது ஒரு குருவுக்கு விரோதமான பாவமோ என்று இப்போதும் பேனா தயங்குகிறது. தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன்.

மாமா எங்களைக் கைவிடவில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது வருவார். என் மகள் அவர் தோளில்தான் வளர்ந்தாள். கோயில் பக்கம் மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஓட்டுவீட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்கு லத்தீன் பாட்டு கேட்குமாம். "அச்சாணி" என்று சைகோன் மாமா உள்ளேயிருந்து கத்துவதும் கேட்குமாம்.

இந்த வருஷம், பெரிய சாமியார் வயோதிகத்தால் ஓய்வு பெற்றுப் போக, சில வருஷம் வேறு ஊரில் இருந்த சின்ன சாமியாரே எங்கள் பங்குக்குப் பெரிய சாமியாராகத் திரும்பி வந்தார். புதுநன்மைப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும் அவரே. ஒருநாள் மகளை அழைத்துவரப் போனபோது வாசலில் என்னை நிறுத்தினார். தலை லேசாக நரைத்திருந்தது. மறுபடியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"மாமா சௌக்கியமா? புதுநன்மைக்கு அவரை வரச் சொல்லேன். உபதேசியாரும் இறந்துட்டார், பிள்ளை மெழுகுவர்த்திய ஏத்தித்தர ஒருத்தர் வேணுமில்ல? இப்ப நான்தானே பெரியவன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ஏழு வருஷமாகத் தொண்டையில் இருந்தது வெளியே வந்துவிட்டது. "அன்னிக்கு நான் தப்பா வெளங்கிக்கிட்டேனா சாமி?"

அவர் சுற்றிலும் பார்த்தார். தூரத்தில் கோயில்பிள்ளை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தான். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றார்.

ஒரே ஒரு வார்த்தை, இல்லை என்ற வார்த்தை. அதைக்கூட அவர் எனக்குத் தரவில்லை. இருந்தாலும் கடமை என்று மாமாவிடம் போய்ச் சொன்னேன். மாமா வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அவரு பெரியவராயிட்டாருன்னா நான் நல்லவனாயிட்டேனா பாப்பா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உன்மேல ஒண்ணுமில்ல. ஆனா அந்தப் படிய ஒரு தடவ எறங்கினது போதும்" என்றார். சைகோன் மாமா உள்ளே போய் வெள்ளித்தாள் சுருளை எடுத்துவந்தார். "பாதாம் மட்டும் வரட்டும். அதுக்கு யாரும் வியாக்கியானம் பண்ண மாட்டாங்க" என்றார்.

புதுநன்மையன்று பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் பரேன் முன்வந்து மெழுகுவர்த்தியை ஏற்றிக் கொடுத்தார். என் மகளின் முறை வந்தபோது யாரும் முன்வரவில்லை. கோயில் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது பெரிய சாமியாராகிவிட்ட அவரே பீடத்திலிருந்து இறங்கி, "நானே ஏத்தித் தரேன்" என்று அவள் கையிலிருந்து மெழுகுவர்த்தியை வாங்கினார். அவருடைய பெருவிரல் நேராகப் போய் அந்தக் குழியில் உட்கார்ந்தது. அவருக்கு அது விரலில் தட்டுப்பட்டிருக்கும். குனிந்து பார்த்து, "என்ன இது, வெயில்ல உருகிடுச்சா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இல்ல சாமி. அன்னிக்கு மாமா புடிச்ச எடம்" என்றேன். அவரைப் போல மெதுவாகச் சொல்ல எனக்கு வரவில்லை. முன்வரிசைக்குக் கேட்டிருக்கும்.

அவர் விரலை எடுத்துவிட்டார். கீழே தள்ளி, அடியில் இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு, ஏற்றி, என் மகளிடம் கொடுத்தார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

பூசை நீண்டது. மெழுகுவர்த்தி நிறையவே எரிந்தது. வீட்டுக்கு வந்து ஊதி அணைத்துப் பார்த்தபோது, தீ குழிக்கு வெகு அருகில் வந்து நின்றிருந்தது. அதன் மேல்விளிம்பு லேசாக மழுங்கியிருந்தது. ரேகை இன்னும் இருக்கிறது. கல்யாணத்தன்றும் இதையே ஏற்றுவார்களா என்று மகள் கேட்டாள். அதற்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, மல்லுத்துணியில் சுற்றித் தகரப்பெட்டியின் அடியில் வைத்தேன்.